சான்றிதழில் யார் பெயர்?

கொழும்பில் ஒரு தமிழ் வீட்டில் "பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டு" என்றால் அதற்கு ஒரே பொருள்தான். உயர்தரப் பரீட்சையில் எடுத்த இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்திய மதிப்பெண்) வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டது, அரச பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் உறுதி. இனி காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிவரை நடந்துபோய், எத்தனை மாடிக் கட்டடங்களின் நெற்றியில் அந்தச் சொல் எழுதியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கீழே புடைவைக் கடை, மேலே கம்பஸ். தனியார் கல்வி நிறுவனம் நடத்துவது குற்றமில்லை, அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் அந்தப் பலகையைப் பார்க்கும் அம்மா அப்பாவின் மனதில் எழும் மரியாதை, வேறு யாரோ பல ஆண்டுகளாகச் சம்பாதித்தது.

சந்தை ஏன் இவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 2022ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெற்றவர்கள் 1 இலட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேல். அரச பல்கலைக்கழகங்கள் ஆண்டொன்றுக்கு எடுப்பது நாற்பதாயிரத்துச் சொச்சம். பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகிறது. கொழும்பு பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இல்லை. அதன் வெட்டுப்புள்ளி பல துறைகளில் நாட்டின் உயர்ந்தவற்றுள் ஒன்று. வேறொரு மாவட்டத்தில் பொறியியல் கிடைத்திருக்கக்கூடிய புள்ளியோடு, பம்பலப்பிட்டியில் ஒரு பிள்ளை வீட்டில் இருக்கும். தனியார் நிறுவனங்களுக்காக மாணவர்களைப் பிடிக்கும் ஆள்சேர்ப்பவர்களுக்கு இது மனப்பாடம்.

அவர்களுடைய பஞ்சாங்கத்தில் மூன்று சுபகாலங்கள். ஓஎல் (சாதாரண தரம்) முடிந்து ஏஎல் (உயர்தரம்) வகுப்புத் தொடங்கும்வரை ஒன்று. ஏஎல் கடைசி வினாத்தாளுக்கும் பெறுபேறுக்கும் இடையிலான மாதங்கள் இரண்டாவது. பெறுபேறு வந்து வெட்டுப்புள்ளி வெளியாகும்வரை மூன்றாவது. மூன்றுக்கும் பொதுவான குணம், பிள்ளை சும்மா இருக்கும், வீட்டுக்காரருக்குப் பதற்றமாக இருக்கும், முடிவு எதுவும் தெரியாது. மூன்றாவது இடைவெளிதான் மிகச் சூடானது. புள்ளி கையில் இருக்கிறது, அது போதுமா என்பது மட்டும் தெரியாது. "வெட்டுப்புள்ளி வாறதுக்குள்ள சீட் முடிஞ்சிடும்" என்ற வசனம் அப்போதுதான் வரும்.

போன் இலக்கம் எங்கிருந்து போகிறது என்று பெற்றோர் ஆச்சரியப்படுவார்கள். பெரும்பாலும் பிள்ளையே கொடுத்ததுதான். இலவசக் கருத்தரங்கின் வாசலில் எழுதும் வரவுப் பதிவு, பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் கல்விக் கண்காட்சிகளில் பைக்கும் பேனைக்கும் பதிலாக நிரப்பும் அட்டை, மாதிரி வினாத்தாள் தருகிறோம் என்று பேஸ்புக்கில் வரும் படிவம், பாடசாலைத் தொழில் வழிகாட்டல் நாள் என்று பட்டியல் நீளும். பரிசளிப்பு விழா மலரில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்த நிறுவனத்துக்கு மண்டபத்தில் இருபது நிமிடம் பேசக் கிடைப்பது புதுமையான விஷயமில்லை. அதிபரைக் குறை சொல்லவும் வரவில்லை. மலரை அச்சடிக்கக் காசு வேண்டும். ஆனால் மேடையில் நிற்பவர் "தொழில் வழிகாட்டல் ஆலோசகர்" என்று அறிமுகமாகிறார். அவருடைய சம்பளப் பட்டியலில் அடிப்படைச் சம்பளமும், சேர்த்த தலைக்கு இவ்வளவு என்று கமிஷனும் இருக்கலாம். வேலைவாய்ப்பு விளம்பரங்களிலேயே மாத இலக்கும் கமிஷனும் வெளிப்படையாகப் போடுகிறார்கள். ஆலோசகர் வேறு, விற்பனையாளர் வேறு. முதல் கேள்வியாக அதையே பணிவாகக் கேட்கலாம்: "நான் சேர்ந்தால் உங்களுக்குக் கொமிஷன் உண்டா?" பதில் என்னவாக இருந்தாலும் அதற்குப் பிறகு உரையாடலின் தொனி மாறும்.

இந்த வித்தை நம்முடைய கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவில் இலாபநோக்குக் கல்லூரிகள் முப்பதை விசாரித்து, செனற் சபையின் கல்விக் குழு 2012 ஜூலையில் ஓர் அறிக்கை வெளியிட்டது. டொம் ஹார்கின் தலைமையிலான குழு. அந்த நிறுவனங்கள் வருமானத்தில் 22.7 வீதத்தை விளம்பரத்துக்கும் ஆள்சேர்ப்புக்கும் செலவிட்டன, கற்பித்தலுக்கு 17.2 வீதம். 2010இல் அவற்றிடம் 35,202 ஆள்சேர்ப்பாளர்கள் இருந்தார்கள். படித்து முடித்தவர்களுக்கு வேலை தேடித்தரும் பணியாளர்கள் 3,512 பேர். எதிரே இருப்பவரின் வலி எது என்று கண்டுபிடித்து அதைத் தொட்டுப் பேசும்படி சொல்லும் பயிற்சிக் குறிப்புகளும் அந்த விசாரணையில் வெளியே வந்தன. சேர்த்த தலைக்குக் கமிஷன் கொடுப்பதை, மத்திய அரசின் மாணவர் உதவி பெறும் கல்லூரிகளுக்கு அங்கே 1992இலேயே சட்டத்தால் தடுத்திருந்தார்கள். தடை இருந்தும் நிலைமை அது. பெரிய சங்கிலிகளில் ஒன்றான கொரிந்தியன் 2015இலும், ஐ.ரி.ரி. தொழில்நுட்ப நிறுவகம் 2016இலும் மூடப்பட்டபோது படித்துக்கொண்டிருந்தவர்கள் கடனோடு நடுவில் நின்றார்கள்.

கொழும்புத் தமிழ் வீட்டின் வலி எதுவென்று இங்குள்ள ஆள்சேர்ப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. "அன்ரி, தங்கச்சியோட படிச்ச பிள்ளையள் எல்லாம் சேர்ந்திட்டினம். இவ மட்டும் ஒரு வருசம் சும்மா இருக்கப் போறாவா?" அடுத்த கேள்வி இன்னும் துல்லியமானது: "வெளிநாட்டில யாரும் சொந்தக்காரர் இருக்கினமா?" அக்கறை போலத் தோன்றும். கட்டணம் எங்கிருந்து வரும் என்று பார்க்கும் கேள்வி அது.

இப்போது கடதாசிகளுக்கு வருவோம். சேர்க்கை மேசையில் ஆயிரம் விஷயம் பேசலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: படிப்பு முடிந்து கையில் கிடைக்கும் சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கும், அவருக்கு அதைக் கொடுக்கும் அதிகாரத்தை யார் கொடுத்தார்? "நாங்கள் அரசாங்கத்தில் பதிவு செய்த நிறுவனம்" என்பது இதற்குப் பதிலாகாது. ஏனென்றால் பதிவு என்ற சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

பீ.வி. என்று தொடங்கும் இலக்கத்தைக் காட்டினால், அது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழான பதிவு. புறக்கோட்டையில் கைப்பேசி உதிரிப்பாகம் இறக்குமதி செய்யும் தனியார் கம்பனிக்கும் அதே பதிவுதான். கல்விக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழும் அப்படியே. அலுவலக நடைமுறை ஒழுங்காக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று அது சொல்லும், பட்டம் செல்லுமா என்று சொல்லாது.

மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு அடுத்தது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்த ஆணைக்குழு நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிறுவனங்கள் அங்கே பதிய வேண்டும். இது உண்மையான, பயனுள்ள பதிவு. ஆனால் இரண்டு இடத்தில் வழுக்கும். நிறுவனம் பதியப்பட்டிருப்பது வேறு, நீங்கள் சேரப்போகும் கற்கைநெறிக்குத் தராதர அங்கீகாரம் இருப்பது வேறு. இரண்டாவது இருந்தால்தான் முடிவில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வரும். அடுத்தது, இந்தப் பதிவைக் காட்டிப் பட்டப்படிப்பு விற்கக் கூடாது. "ஆணைக்குழு அங்கீகாரம்" என்று மட்டும் சொன்னால், எந்த ஆணைக்குழு என்று கேளுங்கள். வார்ட் பிளேசில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வேறு.

உள்நாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்று தன் பெயரிலேயே பட்டம் கொடுப்பதென்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின்படி அமைச்சர் கட்டளை பிறப்பித்து, அது வர்த்தமானியில் வந்திருக்க வேண்டும். அந்தக் கட்டளையில் பட்டங்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரே நிறுவனத்தில் ஐந்து பட்டங்களுக்கு அங்கீகாரம் இருக்கும், இந்த வருடம் புதிதாக விளம்பரப்படுத்தும் ஆறாவதுக்கு இருக்காது. "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்பார்கள். வந்த பிறகு சேரலாம். வர்த்தமானி இலக்கத்தையும் திகதியையும் எழுதித் தரச் சொல்லி வாங்கி, அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். தமிழிலும் இருக்கும். பட்டத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். "தகவல் தொழில்நுட்பம்" இருக்கிற இடத்தில் "தரவு விஞ்ஞானம்" பொருந்தாது.

வெளிநாட்டுப் பட்டம் என்றால் இரண்டு தனித்தனிப் பரிசோதனை. அந்தப் பல்கலைக்கழகத்தை நம் மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பது முதலாவது. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் பெறலாம். பின்னர் அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எப்படியும் அந்தக் கடிதம் தேவைப்படும். இரண்டாவது, அந்தப் பல்கலைக்கழகம் இந்தக் கொழும்பு நிறுவனத்தை உண்மையில் பங்காளியாக வைத்திருக்கிறதா, எந்தப் பட்டத்துக்கு, எந்த ஆண்டுவரை என்பது. இதைக் கொழும்பு நிறுவனத்திடம் கேட்பதில் பயனில்லை. பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் பங்காளிகள் பட்டியலைப் பாருங்கள். இல்லாவிட்டால் அவர்களுடைய பங்காளித்துவ அலுவலகத்துக்கு உங்கள் மின்னஞ்சலிலிருந்தே நாலு வரி எழுதுங்கள்.

"பிரித்தானியாவில் பதிவு" என்று எட்டு இலக்க எண் ஒன்றைக் காட்டுவோரும் உண்டு. அது அங்குள்ள கல்வி வழங்குநர் பதிவேட்டின் இலக்கமாக இருந்தால், வெறும் அடையாள எண். தரத்துக்கான முத்திரை அல்ல. டிப்ளோமா என்றால், இங்கிலாந்தில் தகைமைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்குவாலின் பதிவேட்டில் தகைமை இலக்கத்தைத் தேடலாம். மூன்று இலக்கம், சாய்கோடு, நான்கு இலக்கம், சாய்கோடு, கடைசியாக ஓர் எழுத்தோ எண்ணோ என்ற வடிவில் இருக்கும். அந்த எண்ணைத் தர முடியாத "யூகே டிப்ளோமா" அங்கே ஒழுங்குபடுத்தப்பட்ட தகைமை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இனிக் கொஞ்சம் கணக்கு. "பதினெட்டு மாதத்தில் டிகிரி, ஞாயிறு மட்டும் வகுப்பு" என்ற பதாகை வெள்ளவத்தைச் சந்தியில் தொங்கினால் இதைச் செய்து பாருங்கள். பிரித்தானிய இளமாணி கௌரவப் பட்டம் 360 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரக் கற்றல் என்பது அவர்களுடைய கணக்கு. மொத்தம் 3,600 மணி. பதினெட்டு மாதம் என்பது 78 கிழமை. வகுத்தால் கிழமைக்கு 46 மணி. ஞாயிறு ஆறு மணி நேரம் வகுப்பு என்றால் மீதி நாற்பது மணி பிள்ளை தானே படிக்க வேண்டும், அதுவும் வேலைக்குப் போய்க்கொண்டு. ஆகவே ஒன்று, அந்தப் படிப்பு நடக்கவில்லை. அல்லது இது முழுப் பட்டமே இல்லை, வேறொரு டிப்ளோமாவுக்குப் பின்னால் வரும் கடைசி ஆண்டு மட்டும். எச்.என்.டி. என்ற உயர் தேசிய டிப்ளோமா 240 கிரெடிட், அவர்களுடைய தகைமை வரிசையில் ஐந்தாம் நிலை. அதற்கு மேல் 120 கிரெடிட் டொப்-அப் செய்தால்தான் பட்டம். எச்.என்.டி.யோடு நிற்பவர் பட்டதாரி அல்ல. சேர்க்கும்போது இரண்டு கட்டத்தையும் ஒரே மூச்சில் "டிகிரி" என்று சொல்லிவிட்டு, கட்டணத்தை மட்டும் முதல் கட்டத்துக்குச் சொல்வது வழக்கம்.

கட்டணம் என்ற இடத்தில் நிதானமாக இருக்க வேண்டும். துண்டுப்பிரசுரத்தில் இருப்பது பெரும்பாலும் உள்ளூர்க் கற்கைக் கட்டணம். அதற்கு வெளியே பதிவுக் கட்டணம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், மீளச் சமர்ப்பிக்கும் ஒவ்வொரு ஒப்படைக்கும் (அசைன்மென்ட்) ஒரு தொகை, பட்டமளிப்பு விழாவுக்கு அங்கி வாடகையோடு இன்னொரு தொகை. பல்கலைக்கழகக் கட்டணம் பவுணில் இருந்தால் கட்டும் நாளின் மாற்று வீதம் உங்கள் தலையில். உதாரணத்துக்கு 2,500 பவுண் என்று வையுங்கள். 2021 முடிவில் பவுண் ஏறத்தாழ 270 ரூபா, அப்போது 6 இலட்சத்து 75 ஆயிரம். 2022 மே மாதம் ஏறத்தாழ 450 ரூபா, 11 இலட்சத்து 25 ஆயிரம். அரை வருடத்தில் நாலரை இலட்சம் கூடிவிட்டது, பாடம் ஒன்றுகூடக் கூடவில்லை. "எந்தத் திகதி வீதத்தில், எத்தனை தவணையில்" என்று ஒப்பந்தத்தில் எழுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

புலமைப்பரிசில் என்ற சொல்லுக்கும் இங்கே புதுப்பொருள் வந்திருக்கிறது. ஐந்தாம் ஆண்டில் பிள்ளை விழுந்து விழுந்து படித்து வாங்கியதும் புலமைப்பரிசில், இன்று பின்னேரம் நாலு மணிக்குள் கட்டினால் கிடைப்பதும் புலமைப்பரிசில். 12 இலட்சம் என்று விலை போட்டு எல்லோருக்கும் 3 இலட்சம் "புலமைப்பரிசில்" கொடுத்தால் விலை 9 இலட்சம், அவ்வளவுதான். தீபாவளிக்கு முன் விலையைக் கூட்டிவைத்துத் தள்ளுபடி போடும் கடைக்காரனை நாம் நன்றாகவே பிடிப்போம். கல்வி என்றவுடன் ஏனோ கூச்சம் வந்துவிடுகிறது. எந்தப் புள்ளிக்கு எந்தத் தொகை என்று எழுத்தில் விதி உண்டா, இரண்டாம் ஆண்டிலும் தொடருமா, ஒரு பாடத்தில் சித்தியடையாவிட்டால் நின்றுவிடுமா என்று கேளுங்கள்.

"லோன் இருக்கு" என்பதிலும் இரண்டு உண்டு. 2017இல் தொடங்கிய அரசின் வட்டியில்லாக் கடன் திட்டம், உயர்தரத்தில் தகுதி பெற்றும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கானது. அரசு ஏற்ற நிறுவனங்களின் குறிப்பிட்ட பட்டங்களுக்கு மட்டும், அமைச்சின் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும். மேசையில் காட்டப்படும் லோன் பெரும்பாலும் அப்பாவின் பெயரில் வட்டியோடு வரும் சாதாரண வங்கிக் கடன்.

தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கென்று தனிப் பொறி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வந்து வெள்ளவத்தை விடுதியில் நிற்கும் பிள்ளையைத் தமிழ் பேசும் ஆளை வைத்தே சேர்ப்பார்கள். "இங்கிலிஷ் பயப்படாதீங்க தம்பி, லெக்சரர் தமிழ்லயே விளங்கப்படுத்துவார்." விளங்கப்படுத்தவும் கூடும். ஆனால் ஒப்படை இரண்டாயிரம் மூவாயிரம் சொல்லில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும், மேற்கோள் முறையோடு. முதல் பருவத்தில் அது முடியாமல் போகும். பிறகு ஒப்படை எழுதித் தரும் ஆளிடம் காசு போகும், அல்லது நகலெடுத்ததை மென்பொருள் பிடிக்கும், மீள ஒப்படைப்புக் கட்டணம் ஏறும், இரண்டாம் ஆண்டில் பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். கட்டிய காசு திரும்பாது. சேர்வதற்கு முன் போன வருடத்து ஒப்படைக் கேள்வி ஒன்றைக் காட்டச் சொல்லி, பிள்ளையை அதில் ஒரு பக்கம் எழுதவைத்துப் பாருங்கள். நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு எல்லோரையும் சித்தியடையவைக்கும். இது அப்படிச் செய்யாது. ஆறு மாதம் ஆங்கிலம் படித்துவிட்டு வந்தால் இழப்பது ஓர் இன்டேக் (சேர்க்கைச் சுற்று) மட்டும்தான். அடுத்த இன்டேக் மூன்று நாலு மாதத்தில் வரும். சீட் ஒருபோதும் முடிவதில்லை.

ஓஎல் முடித்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு விற்கப்படுவது ஃபவுண்டேஷன், அதாவது பட்டப்படிப்புக்கு முந்தைய அடிப்படைக் கற்கைநெறி. "ஏஎல் தேவையில்லை, பத்தொன்பது வயதில் டிகிரி" என்று. சிலருக்கு அது பொருந்தும். ஆனால் கேட்க வேண்டியது, இந்த ஃபவுண்டேஷனை இந்த நிறுவனத்துக்கு வெளியே யார் ஏற்பார் என்பதே. அந்த நிறுவனமே நடத்தி, அதுவே மதிப்பிட்டு, அதுவே ஏற்கும் படிப்பென்றால் பிள்ளைக்கு வேறு வாசல் இல்லை; அடுத்த நாலு வருடக் கட்டணமும் அங்கேதான். உயர்தரத்தில் மூன்று சாதாரண சித்தி எடுத்தாலும் அதற்கு அப்படிப்பட்ட சிறை கிடையாது. உயர்தரத்தை விடுவதற்கு இந்தக் காரணம் போதாது என்பதே என் தீர்ப்பு.

தொழில் அனுமதி இன்னொரு கதவு, இன்னொரு பூட்டு. மாலபேயில் இருந்த தனியார் மருத்துவக் கல்லூரி 2011இல் வர்த்தமானி மூலம் பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்றது. ஆனால் மருத்துவ சபை அதன் பட்டதாரிகளைப் பதிய மறுத்தது. 2017 ஜனவரி 31இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதியச் சொல்லியும் சண்டை தீரவில்லை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அரசு அதை மூட முடிவெடுக்க, மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். மருத்துவம் தவறிய உயிரியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு இப்போது "பயோமெடிக்கல்" அதிகம் விற்கிறது. நல்ல துறைதான். ஆனால் அது ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகப் பதிவதற்கான பட்டம் அல்ல, இரண்டையும் ஒன்றென்று சொன்னால் மருத்துவ சபையிடமே கேளுங்கள். சட்டமாணி முடித்தவருக்கும் சட்டக் கல்லூரிப் பரீட்சைகள் மிச்சம் இருக்கின்றன.

மாற்று வழிகளைப் பற்றி ஆள்சேர்ப்பவர் பேசமாட்டார், கமிஷன் இல்லாததால். இலங்கை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் கீழ் தெஹிவளை போன்ற இடங்களில் எச்.என்.டி. முழுநேரமாகக் கட்டணமின்றி இருக்கிறது, அதன் கணக்கியல் டிப்ளோமாவுக்குக் கம்பனிகளில் நல்ல மதிப்பு. மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி, இரத்மலானையில் தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம், நாவலையில் திறந்த பல்கலைக்கழகம், கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரிப் பட்டம் என்று பஸ் ஏறிப் போகும் தூரத்திலேயே இருக்கின்றன. இவற்றின் குறை, யாரும் போன் பண்ணிக் கூப்பிடமாட்டார்கள். பத்திரிகையில் விண்ணப்பத் திகதி வரும், தவறினால் ஒரு வருடம் போகும்.

இவ்வளவும் பார்த்த பின்பும் தனியார் நிறுவனம்தான் என்று முடிவெடுத்தால், கையெழுத்தில் கவனம். இலங்கையில் பராயமடையும் வயது பதினெட்டு; அதற்குக் கீழான பிள்ளையின் கையெழுத்தில் நிறுவனத்துக்கு நம்பிக்கையில்லை. அதனால்தான் "பாதுகாவலர்" என்ற கோட்டில் உங்களைக் கேட்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள பந்தியில், பிள்ளை இடையில் நின்றாலும் முழுக் கட்டணத்தையும் கட்டுவேன் என்ற வாசகம் இருக்கக்கூடும். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோக விடாவிட்டால் சேர வேண்டாம். அரச பல்கலைக்கழகம் பிறகு கிடைத்தால் எவ்வளவு காசு, எத்தனை நாளில் திரும்பும் என்பதை வாயால் அல்ல, கடிதத் தலைப்பில் வாங்குங்கள். வட்ஸ்அப்பில் சொன்ன வாக்குறுதிகளை அழிக்காமல் வையுங்கள். பணத்தைத் தனிநபர் கணக்கில் போடாமல் கம்பனியின் பெயரிலுள்ள கணக்கில் போட்டுப் பற்றுச்சீட்டு எடுங்கள்.

ஏமாற்றம் என்று தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். தவறாக வழிநடத்துவதையும் பொய்யாகக் காட்டிக்கொள்வதையும் அது தடுக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. "அடுத்த பருவத்தில் சரிசெய்து தருகிறோம்" என்று அவர்கள் தள்ளிப்போடும் ஒரு பருவம் நாலு மாதம்.